வால்குட்டையின் சரியான எடை

டீச்சர்,

ராஜகீழ்ப்பாக்கம் குடோனைக் காலி செய்துகொண்டிருக்கிறோம். வாங்குபவர் நாலு மாடி கட்டப் போகிறாராம். நேற்று காலை பரணிலிருந்த பழைய பிஸ்கட் டின்னை இறக்கினேன். மூடியைத் திறந்ததும் தவிட்டு வாசனை வந்தது. அதற்கு அடியில் இன்னொரு நெடியும் இருந்தது. சாரைப்பாம்பு பயந்தால் வாலடியிலிருந்து ஒன்றை விடுமே, அது. இத்தனை வருஷத்தில் போயிருக்க வேண்டிய வாசனைதான். என் மூக்கை விட்டுப் போகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டின்னுக்குள் உங்கள் பை இருந்தது. என் வீட்டுக்காரி சரோஜா பழைய தலையணை உறையைப் பிரித்துத் தைத்துக் கொடுத்தது. மூலையில் மஞ்சள் நூல் பூ. பூவுக்குக் கீழே மார்க்கிங் மையில் உங்கள் கையெழுத்து: ‘பை - 62 கிராம்.’

நான் அப்படியே ஒரு காலி மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டேன். என் மகன் வந்து, “என்னப்பா, தலை சுத்துதா?” என்றான். இல்லை என்றேன். அவனுக்கு எதைச் சொல்வது? பாம்பு நிறுக்கும் பை என்றால் சிரிப்பான்.

முதலில் நானும்தான் சிரித்தேன். எண்பதுகளின் நடுவில் ஒரு நாள், தாம்பரம் மார்க்கெட்டில் என் கடை வாசலில் உங்கள் லூனா மொபெட்டை நிறுத்திவிட்டு வந்தீர்கள். காட்டன் புடவை, ரப்பர் செருப்பு, தோளில் ஜோல்னாப் பை. கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுப்பதாகச் சொன்னீர்கள். ஏதோ நன்கொடை கேட்க வந்திருக்கிறீர்கள் என்று நினைத்து முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டேன்.

“உங்க குடோன்ல சாரைப்பாம்பு நிறைய இருக்குன்னு கேள்விப்பட்டேன். அடிக்காம விடுவீங்களா? நான் வந்து அளந்துட்டு, அங்கேயே விட்டுடறேன்.”

“அளந்து என்ன பண்ணுவீங்க, டீச்சர்?”

“லெக்சரர்” என்று திருத்தினீர்கள். நான் கடைசி வரைக்கும் திருந்தவில்லை.

நான் வியாபாரி. எனக்கு என்ன லாபம் என்றுதான் யோசித்தேன். தவிடு, புண்ணாக்கு, கொள்ளு, கடலை என்று அடுக்கி வைத்த குடோனில் எலி கொழுத்துக் கிடந்தது. பாம்பை அடிக்கக் கூடாது என்று படித்த ஒருத்தர் சொன்னால் என் ஆட்களும் கேட்பார்கள், எலியும் குறையும். சரி என்றேன். உங்கள் மேல் மரியாதை வந்தது அதற்கப்புறம்தான்.

அது ஒரு ஞாயிறு, நீங்கள் சர்ச் முடிந்து நேராக வந்த நாள். புண்ணாக்கு மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு சாரையை வெறும் கையால் இழுத்தீர்கள். அது உங்கள் மணிக்கட்டில் கடித்தது. ரத்தம் வந்தது. “விஷம் கிடையாது, கோபம் மட்டும்தான்” என்று சொல்லிக்கொண்டே அதன் தலையை மெதுவாக விடுவித்தீர்கள். மூட்டை தூக்கும் கபாலி கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு கத்தினான்:

“இன்னா டீச்சர், பாம்பை நிறுத்துகினு கீறீங்க? எங்கனா கறிக்கடையில ஆர்டர் வந்துக்கீதா?”

“ஆமா, உனக்குத்தான் ஒரு கிலோ எடுத்து வெச்சிருக்கேன்” என்றீர்கள். அன்றிலிருந்து அவன் உங்கள் ஆள்.

டெய்லர் டேப்பின் ஒரு முனையை சரோஜா பிடித்துக்கொள்வாள். முதல் தடவை கண்ணை மூடிக்கொண்டு பிடித்தாள். மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரைக்கும்தான் அளப்பீர்கள். வாலை ஏன் விடுகிறீர்கள் என்று கேட்டேன். “பாதிப் பாம்புக்கு வால் அறுந்திருக்கும் அண்ணா. கீரி கடிச்சிருக்கும், வண்டி ஏறியிருக்கும். அதைச் சேர்த்தா கணக்கு கெட்டுடும்.” வயிற்றுச் செதிலில் ஒரு ஓரத்தைச் சின்னக் கத்தரியால் நறுக்கி அடையாளம் வைப்பீர்கள். பிறகு பையில் போட்டு என் தராசில் நிறுப்பீர்கள். பத்து நிமிடத்துக்குள் பிடித்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும் என்பது உங்கள் சட்டம்.

எனக்கு அந்த வேலை பிடித்துப்போனதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரே நீளத்தில் இரண்டு பாம்பு, ஒன்று தொள்ளாயிரம் கிராம், இன்னொன்று அறுநூற்றைம்பது. ஒன்று உருண்டையாக, இன்னொன்று முதுகெலும்பு கூரை மாதிரித் தூக்கிக்கொண்டு. நான் ஏதோ நோய் என்றேன். நீங்கள் சொன்னது இன்றும் அப்படியே காதில் இருக்கிறது:

“நீளம் அது இதுவரைக்கும் வாழ்ந்தது. எடை இந்த மாசம் எப்படிப் போச்சுங்கிறது. நீளம் குறையாது அண்ணா. எடை ஏறும், இறங்கும்.”

அந்த மூட்டைகளுக்கு நடுவில் எனக்குப் பிடித்தது வால்குட்டை. நாலேகால் அடிப் பெண் சாரை, வாலில் முக்கால்வாசி இல்லை. உங்கள் நோட்டில் அதற்கு ஒரு எண் இருந்தது. கபாலிதான் இந்தப் பெயரை வைத்தான். ஒரு தடவை அது நன்றாகப் பருத்திருந்தது. “பார்த்தீங்களா, நம்ம குடோன் சாப்பாடு” என்று பெருமையடித்தேன். நீங்கள் அதன் அடிவயிற்றில் கட்டைவிரலை மெதுவாக ஓட்டினீர்கள். “இது சதை இல்லை. பதினொரு முட்டை.” அடுத்த தடவை பிடித்தபோது விலாவில் தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. பெரிய அண்ணனின் சட்டையைப் போட்டுக்கொண்ட தம்பி மாதிரி. எனக்குப் பார்க்கவே பாவமாக இருந்தது. “விடுங்க, இங்க எலி இருக்கு, ஏத்திக்கும்” என்றீர்கள். ஏற்றிக்கொண்டது.

இப்போது வருத்தமான இடத்துக்கு வருகிறேன். உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனால் என் வாயால் முழுசாக ஒரு தடவைகூட நான் சொன்னதில்லை.

பாம்பைப் பையில் போட்டதும் என் கையில் கொடுத்து, “அண்ணா, கெஸ்” என்பீர்கள். நான் தூக்கிப் பார்த்துச் சொல்வேன். நாற்பது கிலோ மூட்டையில் அரைக் கிலோ குறைந்தாலும் என் தோள் சொல்லிவிடும். அப்படிப்பட்ட என் கை உங்கள் பாம்பு விஷயத்தில் மட்டும் ஒவ்வொரு தடவையும் தோற்றது. நான் ஒரு கிலோ நூறு என்றால் தராசு ஒரு கிலோ இருபது என்னும். நீங்கள் சிரிப்பீர்கள். “உங்க கை எப்பவும் கூடத்தான் சொல்லுது. பாம்பை வாங்கற மாதிரி இல்ல, விக்கிற மாதிரி நிறுக்கறீங்க.”

நானும் சிரித்தேன். என் கை தோற்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

குடோனில் இருந்தது கொள்முதல் கல். மாடம்பாக்கம், வேங்கைவாசல் பக்கத்திலிருந்து பெண்கள் கூடையில் கடலையும் கொள்ளும் கொண்டுவருவார்கள். அவர்களிடம் வாங்குவதற்காக ஒரு செட் எடைக்கல் தனியாக வைத்திருந்தேன். கல்லின் அடிக்குழியில் ஈயம் சேர்த்து ஊற்றியது. ஒரு கிலோ என்று எழுதியிருக்கும், ஆனால் அதற்குச் சமமாகச் சரக்குப் போட்டால் எண்பது கிராம் கூடப் போட வேண்டியிருக்கும். கடையில் விற்பதற்கு நிறுக்கிற கல்லில் நான் கை வைக்கவில்லை. அங்கே இன்ஸ்பெக்டர் வருவார். நல்லவன் என்பதற்காக அல்ல, உள்ளதைச் சொல்கிறேன். மூட்டை தூக்கி ஆரம்பித்தவன் நான். நாலு பேர் செய்கிறதைத்தான் செய்கிறேன் என்று என்னிடமே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கல்லில்தான் இரண்டு வருஷம் உங்கள் பாம்புகளை நிறுத்தீர்கள்.

கல்லூரி வளாகத்திலும் ஏரிக்கரையிலும் பிடித்த பாம்புகளை உங்கள் லேப் தராசில் நிறுத்தீர்கள். அது சுத்தமான தராசு. ஏரிப் பாம்புக்கு நாள் முழுக்க ஓடினால்தான் ஒரு தவளை. என் குடோன் பாம்புக்குப் படுத்த இடத்தில் எலி. அதே நீளத்துக்கு இது கூடுதலாக நிற்க வேண்டும். நிற்கவில்லை. இரண்டும் ஒன்றாகவே வந்தது. அதுதான் உங்கள் ஆராய்ச்சி, அதில்தான் உங்கள் டாக்டர் பட்டம். நீங்கள் என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து, நோட்டைப் பார்த்தபடி, ஆறிப்போன டீயைக் குடிப்பீர்கள்.

“சாப்பாடு இவ்வளவு இருந்தும் ஏன் சதை பிடிக்கல? கண்ணுக்குக் குண்டாத் தெரியுது. தராசு இல்லேங்குது.”

ஒரு நாள் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டீர்கள். “அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. எலி மருந்து ஏதாவது வெச்சீங்களா?”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “சத்தியமா இல்ல டீச்சர். என் பிள்ளைங்க மேல சத்தியம்” என்று கத்தினேன். அது உண்மை. அந்த ஒரு உண்மையைப் பிடித்துக்கொண்டு, மாதக்கணக்கில் உங்கள் முன்னால் நல்லவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் நீங்கள் வருவதை நிறுத்திவிடுவீர்கள் என்று பயம்.

அடுத்த மாதம் நீங்கள் வந்தபோது ஜோல்னாப் பையில் பெரிய கண்ணாடிப் பாட்டில் இருந்தது. உங்கள் புரொபசர் சொல்லிவிட்டாராம்: குடோன் பாம்புக்குக் குடலில் புழு இருக்கும், மூன்றை அறுத்துப் பாருங்கள், அடையாளம் வைத்துத் தொடர்ந்து நிறுத்த பாம்பாக இருந்தால் நல்லது. அதுவரை நீங்கள் ஒன்றைக்கூடக் கொன்றதில்லை. “வால்குட்டையைத்தான் அதிகத் தடவை நிறுத்திருக்கேன். அதைக் கொடுத்துடலாம்” என்றீர்கள். குரல் உங்கள் குரலாக இல்லை.

சரோஜா டேப்பைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். கபாலி என்னையே பார்த்தான். அவனுக்குக் கல்லைப் பற்றித் தெரியும். அவன்தானே தினமும் தூக்கி வைக்கிறவன்.

பதினோரு மணி வெயில். நீங்கள் மூட்டை மூட்டையாகக் குனிந்து தேடிக்கொண்டிருந்தீர்கள். மூன்றாவது வரிசையில் வால்குட்டையைக் கண்டுபிடித்துப் பையில் போட்டுவிட்டீர்கள். பழக்கத்தில் என் கையில் கொடுத்து, “கெஸ்” என்றீர்கள். சிரிக்கவில்லை.

“ஒரு கிலோ இருநூறு” என்றேன்.

தராசில் வைத்தீர்கள். ஒரு கிலோ நூற்றுப் பத்து.

“பாருங்க. எப்பவும் போல.”

“என் கை தப்பு இல்ல, டீச்சர். கல்லு தப்பு.”

புரியாமல் பார்த்தீர்கள். நான் கிலோ கல்லை எடுத்துக் கவிழ்த்து, அடியில் பளபளக்கிற ஈயத்தைக் காட்டினேன். தராசிலிருந்து பையை எடுத்துக்கொண்டு, ஈயத்தில் விரலை வைத்துப் பார்த்தீர்கள். உங்கள் கையில் பை நெளிந்துகொண்டிருந்தது.

“எவ்வளவு?”

“கிலோவுக்கு எண்பது.”

“அரைக் கிலோ கல்லுல?”

“நாப்பது.”

“கால் கிலோவுல?”

“இருபது. பத்து கிராம் கல்லு வரைக்கும் அதே கணக்குதான்.”

அப்போது நீங்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! கபாலி பயந்துபோனான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தீர்கள். “ஒழுங்கா ஏமாத்தியிருக்கீங்க அண்ணா! ஒரே விகிதம்! அங்கங்க மாத்தி மாத்தி ஏமாத்தியிருந்தா ரெண்டு வருஷமும் குப்பைக்குப் போயிருக்கும். இப்ப எல்லாத்தையும் திருத்திடலாம்.”

வால்குட்டையை அதன் மூட்டைக்குப் பின்னாலேயே விட்டீர்கள். கல் எல்லாவற்றையும் ஒரு கோணியில் கட்டி என் சைக்கிள் கேரியரில் வைத்துக்கொண்டு உங்கள் லூனாவுக்குப் பின்னால் வந்தேன். உங்கள் லேப் தராசில் என் ஒவ்வொரு கல்லையும் வைத்து எழுதிக்கொண்டீர்கள். நான் சொன்னதற்கு ஒரு கிராம் இந்தப் பக்கம் அந்தப் பக்கம், அவ்வளவுதான். பாராட்டுவீர்கள் என்றுகூட எதிர்பார்த்தேன், பாருங்கள் என் புத்தியை.

கல்லைத் திரும்பக் கோணியில் போடும்போது நீங்கள் சிரிப்பை நிறுத்தியிருந்தீர்கள்.

“பாம்புக்கு நான் திருத்திடுவேன்” என்றீர்கள். “கூடை தூக்கிட்டு வந்தவங்களுக்கு?”

நான் கோணியின் வாயைக் கட்டினேன். நீங்கள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

அதற்கப்புறம் ஐந்து மாதம் நீங்கள் வரவில்லை. ஞாயிறு தோறும் லூனா சத்தம் கேட்கிறதா என்று காது அதே வேலையாக இருக்கும். ராஜகீழ்ப்பாக்கம் ரோட்டில் எத்தனை லூனா போகும் என்று அப்போதுதான் தெரிந்தது. சரோஜா உங்கள் பையைத் துவைத்து மடித்து வைத்தாள்.

கல்லிலிருந்து கூடுதல் ஈயத்தை எடுத்துவிட்டு, முறையாக முத்திரை போட்டு வாங்கினேன். மனம் திருந்தினேன் என்று பெரிதாகச் சொல்லிக்கொள்ள மாட்டேன். நீங்கள் திரும்பி வந்தால் தராசு சரியாக இருக்க வேண்டும் என்பதுதான் முதலில் தோன்றியது. மற்றது பிறகு வந்தது. வேங்கைவாசல் அம்மா ஒருத்தி தன் கூடையை நிறுத்துப் பார்த்துவிட்டு, “இன்னாண்ணா, இந்த வருசம் கடலை நல்லா கனக்குது. மழை தாங்கிச்சா?” என்றாள். மழை என்று தலையாட்டினேன். அவளிடம் சொல்லாததை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. எழுதுகிறபோதும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

மழை ஆரம்பித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தீர்கள், புடவை முழங்கால் வரை சேறு. ஒன்றும் நடக்காத மாதிரி, “வால்குட்டை இருக்கா?” என்றீர்கள். இருந்தது. பையை என் கையில் கொடுத்தீர்கள்.

“ஒரு கிலோ இருநூத்தைம்பது.”

தராசு ஒரு கிலோ இருநூற்று நாற்பது காட்டியது.

“கையும் கல்லும் ராசியாயிடுச்சு” என்றீர்கள். சரோஜா உள்ளிருந்து சிரித்தாள். பிறகு மூட்டை நிறுக்கிற மேடைத் தராசைக் காட்டி, “ஆனா ஒண்ணு. ஆயுசுக்கும் நான் இதுல ஏற மாட்டேன்” என்றீர்கள்.

அது நம் வீட்டு ஜோக்காகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் கபாலி, “ஏறு டீச்சர், ஃப்ரீதான்” என்பான். “உங்க முதலாளி என்னை வாங்கற எடையில போட்டுடுவாரு” என்பீர்கள். வருஷக்கணக்கில் அதே கேள்வி, அதே பதில், அதே சிரிப்பு. உங்களுக்குப் பட்டம் கிடைத்தது. திருத்தின எடையில் குடோன் பாம்புகள் ஏரிப் பாம்புகளை விடத் தெளிவாகக் கூடுதல், உங்கள் புரொபசரும் ஒத்துக்கொண்டார். பைண்டு செய்த புத்தகத்தைக் கொண்டுவந்து நன்றிப் பக்கத்தைப் படித்துத் தமிழில் சொன்னீர்கள்: ‘தன் எடைக்கற்களைக் கொண்டுவந்து காட்டியவருக்கு.’ பெயர் போடவில்லை. போடாததற்கு என் நன்றி.

தொண்ணூறுகளில் எல்லாம் மாறியது. சவுக்குத் தோப்பு பிளாட்டானது. புது வீடுகளில் பாம்பு நுழைந்தால் அடிக்கத்தான் செய்தார்கள். நீங்கள் ரோட்டில் நசுங்கிக் கிடந்ததைக்கூட அளந்து எழுதினீர்கள். வால்குட்டையைக் கடைசியாகப் பிடித்தபோது முன்னைவிட ஒரு விரல் நீளம் கூடியிருந்தது. எடைதான் இறங்கியிருந்தது. “வயசாயிடுச்சா?” என்றேன். “தெரியல அண்ணா” என்றீர்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற படித்தவர் எனக்குத் தெரிந்து நீங்கள் ஒருத்தர்தான்.

கடைசியாக நீங்கள் வந்தது ஆட்டோவில். லூனாவை விற்றுவிட்டதாகச் சொன்னீர்கள். கழுத்தெலும்பு புடவைக்கு மேலே தெரிந்தது. கையில் வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. ஆஸ்பத்திரி, ஊசி, முடி என்று சரோஜாவிடம் இரண்டு வார்த்தை. அவள் அழ ஆரம்பித்ததும் என் பக்கம் திரும்பி, “நீளம் குறையல அண்ணா” என்றீர்கள்.

நான் ஏதோ பேச்சை மாற்றப் பார்த்தேன். நீங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, ஜோல்னாப் பையைக் கபாலியிடம் கொடுத்துவிட்டு, மேடைத் தராசில் ஏறி நின்றீர்கள்.

கபாலி ஜோக் சொல்லவில்லை.

தண்டில் குண்டை நகர்த்தினேன். ஐம்பதில் வைத்தேன், விழுந்தது. நாற்பத்தைந்து, நாற்பது, விழுந்துகொண்டே இருந்தது. என் வாழ்க்கையில் எத்தனையோ தடவை எடையைக் குறைத்துச் சொல்லியிருக்கிறேன். கூட்டிச் சொல்லத் துடித்தது அன்றைக்கு மட்டும்தான். நாற்பத்து மூன்று என்று வாயில் வந்து நின்றது. நீங்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள், பாம்பின் எடைக்குக் காத்திருப்பது போல, பென்சில் இல்லாத கையோடு.

“முப்பத்தெட்டரை” என்றேன்.

தலையாட்டினீர்கள். “ஆஸ்பத்திரியில முப்பத்தொம்பதுன்னாங்க. செருப்போட நிறுத்தாங்க. உங்களோடதுதான் சரி.”

இறங்குவதற்கு என் தோளைப் பிடித்தீர்கள். அந்தக் கைக்கு எடையே இல்லை.

நீங்கள் தவறாமல் அனுப்பும் கிறிஸ்துமஸ் கேக் அந்த வருஷம் வரவில்லை. உங்கள் அண்ணன் ஆள் அனுப்பிச் சொன்னார். கபாலியும் நானும் கல்லறைத் தோட்டத்தில் ஒரு ஓரமாக நின்றோம். அவனும் இப்போது இல்லை.

இன்றைக்கும் எதைக் கையில் தூக்கினாலும் எடையை மனசுக்குள் சொல்லிவிடுகிறேன். சொல்லிவிட்டு ஒரு நொடி காத்திருக்கிறேன். சிரித்துத் திருத்த ஆள் இல்லை.

இன்று காலை கடைக்கு உங்கள் பையைக் கொண்டுபோனேன். இப்போது எலக்ட்ரானிக் தராசு. முதலில் முத்திரை போட்ட கிலோ கல்லை வைத்துப் பார்த்தேன், ஆயிரம் காட்டியது. பிறகு பையை வைத்தேன். ஐம்பத்தேழு. நீங்கள் லேப் தராசில் நிறுத்து எழுதியது அறுபத்திரண்டு. எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். மூன்று தடவை வைத்தேன். தராசில் தப்பில்லை, டீச்சர். பைதான் இளைத்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் சரோஜா டெய்லர் டேப்பை எடுத்துவந்து ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. பழைய தலையணை உறை எத்தனை அங்குலம் என்று அவளுக்கு நினைவிருந்தது.

நீளம் குறையவில்லை.